விளக்கேந்திய துறவி: ஒரு டாரட் சீட்டைப் படமாக வாசிப்பது எப்படி

ஒரு கேள்விக்குச் சீட்டெடுத்து, அதிலுள்ள படத்தைக் கொண்டு குறிசொல்லப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே அதனுடன் வரும் சிறு கையேட்டைப் புரட்டிவிடுகிறார்கள். கையேட்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கைந்து சொற்கள் தரப்பட்டிருக்கும். ஒன்பதாம் எண்ணுள்ள துறவி சீட்டுக்கு எதிரே ‘தனிமை, உள்நோக்கு, ஞானம், ஒதுங்கியிருத்தல்’ என்று எழுதியிருக்கும். அந்தச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு, சீட்டு வரும்போதெல்லாம் ஒப்பித்தால் வாசிப்பு முடிந்துவிட்டது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அந்தச் சொற்களுக்கு இடம் கொடுத்த படம் அப்போது பார்க்கப்படாமலே போய்விடுகிறது. வேறொரு சீட்டுக்கட்டில் அதே துறவி ஒரு முதிய பெண்ணாகவோ ஓர் ஆமையாகவோ வந்து நிற்கும்போது மனப்பாடம் கைகொடுப்பதும் இல்லை.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு சீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. குறியீடு என்பது ஒரு படத்துக்குள் எவ்வாறு இயங்குகிறது, பழைய படத்தில் இருந்த ஒரு பொருளைப் புதிய ஓவியர் மாற்றும்போது பொருளுணர்வு எவ்வாறு திரும்புகிறது என்பதைத் துறவி சீட்டு அளவுக்குத் தெளிவாகக் காட்டும் சீட்டுகள் குறைவு. ஏனென்றால், அவர் கையில் இருக்கும் பொருளே நூற்றாண்டுகளின் ஓட்டத்தில் மாறியிருக்கிறது.

முதலில் தேவையான பின்னணி. டாரட் கட்டில் 78 சீட்டுகள் உள்ளன. அவற்றில் 22 சீட்டுகள் மேஜர் அர்கானா எனப்படும் படச்சீட்டுகள். எஞ்சிய 56 சீட்டுகள் கோல், கிண்ணம், வாள், நாணயம் என்ற நான்கு பிரிவுகளைக் கொண்ட மைனர் அர்கானா. இந்தச் சீட்டுகள் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்காகத் தோன்றியவை. பிரபுக்களின் அரண்மனைகளில் பொன்தகடு பதித்துக் கையால் வரையப்பட்ட கட்டுகள் இருந்தன. அவற்றுள் மிலான் நகரின் விஸ்கோன்தி-ஸ்ஃபோர்ட்சா குடும்பத்துக்காக வரையப்பட்ட ஒரு கட்டிலிருந்து 74 சீட்டுகள் இன்றும் எஞ்சியுள்ளன. பண்டைய எகிப்தின் ஞானம் இவற்றில் ஒளிந்திருக்கிறது என்ற கருத்து வெகு பின்னால், 1781இல், பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கூர் த ஜெபலேன் எழுதியதிலிருந்து பரவியது. அதற்கு வரலாற்றுச் சான்று எதுவும் இல்லை. என்றாலும் அந்தக் கருத்து ஒரு பெரிய வேலையைச் செய்தது: அதன் பிறகு ஐரோப்பாவில் பலர் இந்தப் படங்களை விளையாட்டுச் சீட்டுகளாக மட்டும் பார்க்காமல், பொருள் பொதிந்த ஓவியங்களாக உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இன்று நாம் பார்க்கும் நவீன சீட்டுக்கட்டுகளில் மிகப் பலவற்றுக்கு மூலம் 1909இல் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் பதிப்பகம் வெளியிட்ட கட்டு. அதைத் திட்டமிட்டவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட். வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். இருவரும் ‘கோல்டன் டான்’ என்ற மறைஞான அமைப்பில் இருந்தவர்கள். ஸ்மித் நாடக மேடையோடு நெருங்கிப் பழகியவர். அரங்க வடிவமைப்பிலும் ஆடை வடிவமைப்பிலும் பணியாற்றியவர். சில மாதங்களுக்குள் அவர் 78 படங்களையும் வரைந்து முடித்தார். அதற்கு அவருக்குக் கிடைத்த ஊதியம் மிகக் குறைவு. நெடுங்காலம் அந்தக் கட்டு பதிப்பகத்தின் பெயராலும் வெய்ட்டின் பெயராலும் மட்டுமே வழங்கிவந்தது. இப்போது பலர் ஸ்மித்தின் பெயரையும் சேர்த்து ‘ரைடர்-வெய்ட்-ஸ்மித்’ என்று சொல்வது நியாயமான திருத்தம். நாம் வாசிப்பது முதலில் அவருடைய கோடுகளைத்தான்.

குறியீடு என்றால் என்ன என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சாலைச் சந்திப்பில் எரியும் சிவப்பு விளக்குக்கு ஒரே பொருள்தான் உண்டு. அதைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் நிற்க வேண்டும். இது அடையாளக் குறி. குறியீட்டுக்கு இப்படி ஒற்றைப் பொருள் கிடையாது. அது எந்தக் கையில் இருக்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, இதற்கு முன் எந்தப் படங்களில் வந்திருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அதன் பொருள் விரியும், சுருங்கும், சில சமயம் எதிராகவே திரும்பும். டாரட் வாசிப்பில் புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை குறியீட்டை அடையாளக் குறியாக எடுத்துக்கொள்வதிலிருந்து வருபவை. ‘விளக்கு என்றால் ஞானம், கோல் என்றால் அதிகாரம், மலை என்றால் தடை’ என்று ஓர் அகராதி போட்டுக்கொண்டால் படம் உயிரிழந்துவிடும்.

இனி ஸ்மித் வரைந்த துறவியைப் பார்ப்போம். பெயரையும் எண்ணையும் விரலால் மறைத்துக்கொண்டு பார்ப்பது நல்ல பழக்கம்.

ஒரு முதியவர் தனியாக நிற்கிறார். சாம்பல் நிற நீண்ட அங்கி அவர் உடலைத் தலையிலிருந்து பாதம்வரை மூடியிருக்கிறது. முக்காட்டுக்குள்ளிருந்து வெண்தாடி தெரிகிறது. வலக்கையில் ஒரு விளக்கை முன்னே நீட்டிப் பிடித்திருக்கிறார். விளக்குக்குள் சுடர் இல்லை. ஆறுமுனை விண்மீன் ஒன்று ஒளிர்கிறது. இடக்கையில் ஏறத்தாழ அவர் உயரத்துக்கே நிமிர்ந்த ஒரு கோல். காலடியில் பனி. தொலைவில் தாழ்வான மலைமுகடுகள். அவருக்குப் பின்னால் வெறும் வானம். மரமில்லை, கட்டடமில்லை, பறவையில்லை. ஸ்மித்தின் மற்ற படச்சீட்டுகளில் அரியணைகளும் தூண்களும் செடிகொடிகளும் நிறைந்திருக்க, இந்தச் சீட்டில் அவர் ஏறக்குறைய எல்லாவற்றையும் விலக்கிவிட்டார். ஆகவே எஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும் கூடுதல் எடை பெறுகிறது.

அடுத்து உடல்மொழி. அவர் நடக்கவில்லை, நிற்கிறார். கோல் ஊன்றியிருக்கிறது, எனவே ஏற வேண்டிய ஏற்றம் முடிந்துவிட்டது என்று தோன்றுகிறது. தலை கவிழ்ந்திருக்கிறது, பார்வை கீழ்நோக்கியிருக்கிறது. இந்தப் பார்வையைக் கவனிக்காமல் கடந்துவிடுவது பெரிய இழப்பு. மலையுச்சியில் நிற்கும் ஒருவர் மேலே வானத்தைப் பார்த்திருந்தால் அவர் இன்னும் எதையோ தேடுகிறார் என்று கொள்ளலாம். தன் காலடியைப் பார்த்திருந்தால் தன்னுள் ஆழ்ந்திருக்கிறார் என்று கொள்ளலாம். இவரோ விளக்கை உயரத் தூக்கி, தன் உடலிலிருந்து விலக்கி, சரிவின் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு கீழே நோக்குகிறார். தனக்கு வழி தேடுபவர் விளக்கைத் தரையோரமாகத் தாழ்த்திப் பிடிப்பார். இவ்வளவு உயரத்தில் தூக்கிப் பிடித்த விளக்கு, தொலைவில் இருப்பவருக்குத் தெரிவதற்காகப் பிடிக்கப்பட்ட விளக்கு. படத்தில் இல்லாத ஒருவர், கீழிருந்து ஏறி வந்துகொண்டிருக்கும் ஒருவர், இந்தப் படத்துக்குள் மறைமுகமாக இருக்கிறார்.

கையேடுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ‘தனிமை’ என்ற சொல் இந்தச் சீட்டுக்குப் போதாது என்பதே என் கருத்து. தனியாக இருப்பது உண்மை. ஆனால் படத்தின் செயல் தனிமை அன்று, வெளிச்சம் காட்டுதல். ஆள் எப்படி இருக்கிறார் என்பதையும் அவர் என்ன செய்கிறார் என்பதையும் பிரித்துப் பார்க்கும் இந்த ஒரு பழக்கமே வாசிப்பை வெகுதூரம் முன்னே கொண்டுபோகும்.

இது வெறும் ஊகமன்று என்பதை இந்தச் சீட்டின் வரலாறு காட்டுகிறது. 15ஆம் நூற்றாண்டின் இத்தாலியச் சீட்டுகளில் இந்த முதியவர் கையில் விளக்கு இல்லை. மணற்கடிகாரம் இருந்தது. விஸ்கோன்தி-ஸ்ஃபோர்ட்சா கட்டில் அவர் தொப்பியணிந்து, தாடியோடு, கையில் மணற்கடிகாரத்தை ஏந்தி நிற்கிறார். பழைய பட்டியல்கள் அவரைத் துறவி என்று அழைப்பதற்குப் பதிலாக முதியவர், கூனர், காலம் என்றெல்லாம் அழைத்தன. அந்தப் படத்தின் பொருள் நேரடியானது: காலம் ஓடிக்கொண்டிருக்கிறது, இளமையும் காதலும் வெற்றியும் அதற்கு முன் நிற்க மாட்டா. பின்னர் பிரான்சில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட மார்செய் வகைச் சீட்டுகள் பரவியபோது மணற்கடிகாரம் மறைந்து விளக்கு வந்துவிட்டது. இரண்டின் வடிவமும் ஒத்திருப்பதால், படத்தைப் பார்த்துப் படம் செதுக்கியவர்கள் ஒன்றை மற்றொன்றாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும் விளைவு பெரியது. மணற்கடிகாரம் ஏந்தியவர் நமக்கு எச்சரிக்கை தருகிறார். விளக்கு ஏந்தியவர் எதையோ தேடுகிறார் அல்லது எதையோ காட்டுகிறார். கையில் இருக்கும் ஒரு பொருள் மாறியதும், காலத்தின் உருவமாக இருந்தவர் ஞானத்தின் உருவமாக மாறிவிட்டார்.

மார்செய் வகைச் சீட்டில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே முதியவரின் மேலாடை விளக்கை ஓரளவு மறைத்தபடி இருக்கும். இந்த ஒரு மடிப்பிலிருந்து எத்தனை விளக்கங்கள் கிளம்பின என்று பார்த்தால் வியப்பு உண்டாகிறது. கூர் த ஜெபலேன் இவரை நீதியையும் அறத்தையும் தேடி அலையும் அறிஞராகக் கண்டார்; பட்டப்பகலில் விளக்கோடு மனிதனைத் தேடிய கிரேக்க மெய்யியலாளர் டயோஜெனிஸ் பற்றிய கதைகூட இந்தப் படத்திலிருந்து பிறந்ததுதான் என்றார். அவருக்குச் சற்றுப் பின்னால், அலியெத் என்ற தன் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக்கி எத்தெய்யா என்று வைத்துக்கொண்ட குறிசொல்பவர், தன் சீட்டுக்கட்டில் இதே முக்காடிட்ட உருவத்துக்குத் துரோகி என்ற பொருளைக் கொடுத்தார். மறைத்துப் பிடித்த விளக்கு ஒருவருக்கு ஞானமாகவும் இன்னொருவருக்கு வஞ்சகமாகவும் தெரிந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சு மறைஞானி, தகுதியற்றவர் பார்வையிலிருந்து அறிவை மூடிக் காக்கும் சாதகராக இவரைக் கண்டார்.

வெய்ட் இந்த இடத்தில்தான் திட்டமிட்டு ஒரு மாற்றம் செய்தார். 1911இல் வெளிவந்த தன் விளக்க நூலில், வழக்கமான படத்திலிருந்து இந்தச் சீட்டு வேறுபடுவது மேலாடை விளக்கை மூடவில்லை என்பதில்தான் என்று அவரே எழுதுகிறார். உருவத்தை உயரமான இடத்தில் நிறுத்தியதற்கும் காரணம் சொல்கிறார்: இது அடைந்துவிட்டவரின் சீட்டு. நான் இருக்கும் இடத்துக்கு நீயும் வரலாம் என்பதே அந்த ஒளி சொல்லும் செய்தி என்கிறார். உண்மையைத் தேடுபவர் என்ற கூர் த ஜெபலேனின் விளக்கத்தையும், தன் ஆற்றல் கலப்புறாமல் காக்க உலகிலிருந்து விலகி நிற்பவர் என்ற லெவி வழிவந்த விளக்கத்தையும் பெயர் சொல்லியே மறுக்கிறார். ஆக, இன்று கையேடுகளில் காணப்படும் ‘ஒதுங்கியிருத்தல்’ என்ற சொல், இந்தப் படத்தைத் திட்டமிட்டவரே மறுத்துவிட்ட பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது.

இதைவிடவும் முக்கியமான ஒன்று அதே நூலில் இருக்கிறது. சீட்டுகளின் குறிப்பொருள் பட்டியலைத் தரும் பகுதியில், துறவிக்கு நேராக வெய்ட் விவேகம், எச்சரிக்கை என்பவற்றோடு துரோகம், பாசாங்கு, மோசடி, ஊழல் என்றும் எழுதியிருக்கிறார். ஒரே நூல், ஒரே ஆசிரியர். ஓரிடத்தில் வழிகாட்டும் ஒளி, மற்றோரிடத்தில் மோசடி. எத்தெய்யா காலத்துக் குறிசொல்லும் மரபிலிருந்து வந்த சொற்பட்டியல் ஒரு வழியில் பயணித்திருக்கிறது. படம் வேறொரு வழியில் பயணித்திருக்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் சந்தித்தபோதும் அவற்றை அவர் இணைக்கவில்லை. சொற்பட்டியலை நம்பிப் படத்தைக் கைவிடக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

விளக்குக்குள் இருக்கும் விண்மீனுக்குத் திரும்புவோம். மேல்நோக்கிய முக்கோணமும் கீழ்நோக்கிய முக்கோணமும் பின்னிக்கொண்ட ஆறுமுனை வடிவம் மேற்கத்திய மறைஞான மரபில் மேலுலகமும் கீழுலகமும் கலப்பதைக் குறித்துவந்தது. மலைமேல் நின்று கீழே நோக்குபவர் கையில் அது இருப்பது பொருத்தமே. அதே கட்டில் விண்மீன் என்று பெயர்பெற்ற பதினேழாம் சீட்டின் வானத்தில் இருப்பவை எட்டுமுனை விண்மீன்கள் என்பதையும் கவனிக்கலாம். எனவே ‘விண்மீன் என்றால் நம்பிக்கை’ என்று அந்தச் சீட்டின் பொருளை அப்படியே இங்கே இறக்குமதி செய்வது சரியன்று. அங்கே விண்மீன் வானத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒளிர்கிறது. இங்கே ஒருவர் அதைக் கொண்டுவந்து கைவிளக்குக்குள் வைத்து மலைமேல் சுமந்து நிற்கிறார். எட்டாத தூரத்தில் இருந்த ஒன்று கைப்பொருளாகியிருக்கிறது என்ற வாசிப்பு எனக்கு நெருக்கமானது.

வெய்ட் இந்த உருவத்தில் இரண்டு விவிலியப் படிமங்களைக் கலந்ததாகச் சொல்கிறார். ஒன்று தானியேல் நூலில் வரும், காலங்களுக்கு முந்திய வெண்தலை முதியவர். மற்றொன்று ‘உலகின் ஒளி’ என்ற கிறிஸ்து. அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒருவருக்கு உலகின் ஒளி என்றதும் வில்லியம் ஹோல்மன் ஹன்ட் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் நினைவுக்கு வந்திருக்கும். அதில் கிறிஸ்து கையில் விளக்கோடு இரவில் ஒரு கதவைத் தட்டுகிறார். அந்த ஓவியத்தின் பெரிய வடிவம் லண்டனில் உள்ள புனித பவுல் பேராலயத்துக்கு வந்து சேர்ந்தது 1908இல், சீட்டுக்கட்டு வெளிவருவதற்கு முந்திய ஆண்டில். ஸ்மித் அதைப் பார்த்து வரைந்தார் என்று சொல்ல நான் முற்படவில்லை. ஒரு குறியீடு தன் காலத்து மக்களின் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் படங்களோடு சேர்ந்துதான் பேசுகிறது என்பதைக் காட்டவே இதைக் குறிப்பிடுகிறேன்.

எண்ணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒற்றை இலக்கங்களின் கடைசி எண் ஒன்பது. ஒரு சுற்று நிறைவுக்கு வருவதை அது குறிக்கும் என்பது பொதுவான வாசிப்பு. அதைவிடப் பயனுள்ளது பக்கத்துச் சீட்டுகளைப் பார்ப்பது. இந்தக் கட்டில் துறவிக்கு முன்னால் சிங்கத்தின் வாயை மென்மையாகப் பற்றியிருக்கும் பெண்ணைக் காட்டும் வலிமைச் சீட்டு இருக்கிறது. பின்னால் விதியின் சக்கரம். மார்செய் வரிசையிலோ எட்டாம் இடத்தில் வாளும் தராசும் ஏந்திய நீதிச் சீட்டு இருந்தது. வெய்ட் இரண்டையும் இடம் மாற்றினார். பழைய வரிசையில் துறவி, தீர்ப்பைக் கேட்டுவிட்டு யோசிக்கப் போகிறவராகத் தெரிவார். புதிய வரிசையில் தன் மூர்க்கத்தை அடக்கிய பிறகு மலையேறியவராகத் தெரிகிறார்.

கட்டுக்குள் தொலைவில் இருக்கும் உறவினர்களும் உண்டு. பூஜ்யம் எண்ணுள்ள பேதைச் சீட்டை எடுத்துத் துறவிக்கு அருகே வையுங்கள். இருவரும் மலைமேல் இருக்கிறார்கள். இருவரும் இடப்பக்கம் நோக்குகிறார்கள். இருவரிடமும் கோல் இருக்கிறது. பேதை இளைஞன், வண்ண ஆடை அணிந்தவன், முகத்தை மேலே தூக்கிக்கொண்டு பாறையின் விளிம்பை நோக்கி அடியெடுத்து வைக்கிறான். அவன் கோல் தோளில் மூட்டையைத் தாங்குகிறது. துறவியின் கோல் தரையில் ஊன்றியிருக்கிறது. அவர் முகம் கவிழ்ந்திருக்கிறது. அவரிடம் மூட்டை இல்லை, விளக்கு இருக்கிறது. இவ்வளவு ஒற்றுமையும் இவ்வளவு வேற்றுமையும் ஒருங்கே அமைந்திருப்பதால் இரண்டு படங்களையும் ஒரே பயணத்தின் இரு கட்டங்களாகப் பார்க்க இடமிருக்கிறது. கிண்ணங்களின் எட்டாம் சீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்: அடுக்கிவைத்த எட்டுக் கிண்ணங்களை விட்டுவிட்டு, கையில் கோலோடு, நமக்கு முதுகைக் காட்டி மலையை நோக்கிப் போகும் ஓர் உருவம் அதில் இருக்கிறது. விலகிச் செல்லுதலைப் பற்றிப் பேசும் சீட்டு உண்மையில் அதுதான்.

இந்த அளவுக்குப் படத்தோடு பழகியபின் நவீன சீட்டுக்கட்டுகளுக்குப் போனால், அவற்றின் ஓவியர்கள் எங்கே பேசுகிறார்கள் என்பது எளிதாகத் தெரியும். நான் கேட்கும் கேள்விகள் மூன்று: பழைய படத்திலிருந்து எது நிலைத்திருக்கிறது, எது போய்விட்டது, எது புதிதாக வந்திருக்கிறது? ஓவியரின் கருத்து பெரும்பாலும் போனதிலும் வந்ததிலும் இருக்கும்.

ஆங்கில மறைஞானி அலெய்ஸ்டர் குரோலியின் வழிகாட்டுதலில் ஓவியர் ஃபிரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்து, இருவரும் மறைந்த பிறகு 1969இல் சீட்டுக்கட்டாக வெளிவந்த தோத் கட்டை எடுத்துக்கொள்வோம். அதில் விளக்கு நிலைத்திருக்கிறது. ஆனால் உள்ளே விண்மீனுக்குப் பதில் சூரியன். பனிமலை போய்விட்டது, அந்த இடத்தில் கோதுமைக் கதிர்கள் நிறைந்து நிற்கின்றன. துறவியின் முகம் நம் பக்கம் இல்லை. பாம்பு சுற்றிய முட்டை ஒன்றும், கிரேக்கப் பாதாள உலகைக் காக்கும் மூன்று தலை நாயும் வந்திருக்கின்றன. கோல்டன் டான் மரபில் இந்தச் சீட்டு கன்னி ராசிக்கு உரியது. கதிர்கள் அங்கிருந்து வருபவை. எதுவும் வளராத உச்சியிலிருந்து விதையும் விளைச்சலும் நிறைந்த நிலத்துக்குத் துறவி இறங்கிவிட்டார். ஸ்மித்தின் சீட்டு, அடைந்துவிட்டவர் பிறருக்குக் காட்டும் ஒளியைப் பற்றிப் பேசுகிறது என்றால், ஹாரிஸின் சீட்டு மண்ணுக்குள் மறைவாக நடக்கும் கருத்தரிப்பைப் பற்றிப் பேசுகிறது. இரண்டு கட்டுகளுக்கும் ஒரே சொற்பட்டியலைப் பயன்படுத்துவது இரண்டு ஓவியர்களுக்கும் செய்யும் அநீதி.

கேரன் வோகல், விக்கி நோபிள் இருவரும் உருவாக்கி 1981இல் வெளிவந்த மதர்பீஸ் கட்டில் சீட்டுகள் வட்ட வடிவானவை. பெண்ணிய நோக்கில் பெண் தெய்வ மரபுகளை மையப்படுத்தியவை. அங்கே ஒன்பதாம் சீட்டின் பெயரே முதியவள் என்று மாறியிருக்கிறது. முதுமை நிலைத்திருக்கிறது, ஆண் போய்விட்டார். ஆணுக்கு முதுமை ஞானத்தையும் பெண்ணுக்கு முதுமை வெறும் தேய்வையும் தரும் என்று காட்டிவந்த நெடிய ஓவிய மரபுக்கு எதிரான நேரடி மறுமொழி இது. மூலப்படத்தை அறியாதவர் இதில் ஒரு மூதாட்டியை மட்டுமே பார்ப்பார். அறிந்தவர் அந்த விவாதத்தையும் கேட்பார்.

கிம் க்ரான்ஸ் வரைந்த வைல்ட் அன்நோன் கட்டில் மனித உருவங்களே இல்லை. விலங்குகளும் பறவைகளும் மரங்களுமே பல சீட்டுகளில் நிறைந்திருக்கின்றன. துறவியின் இடத்தில் ஓட்டின்மேல் ஒளியைச் சுமந்த ஓர் ஆமை இருக்கிறது. கை இல்லாததால் நீட்டிப் பிடித்தல் என்ற செயல் போய்விட்டது; ஒளி உடலின் பகுதியாகிவிட்டது. மேலாடைக்குப் பதில் ஓடு. மார்செய் சீட்டில் விளக்கை மூடிய மறைப்பும் லெவி பேசிய ஒதுங்கலும் இங்கே வேறு வடிவில் திரும்பி வந்திருக்கின்றன. ஏனென்றால் ஆமை நினைத்தபோது தன்னுள் ஒடுங்கக்கூடியது. வெய்ட் மறுத்த ‘ஒதுங்கியிருத்தல்’ என்ற பொருள் இந்தக் கட்டில் முழு உரிமையோடு பொருந்துகிறது. மெதுவாக நகர்தல் என்ற பொருளும் புதிதாகச் சேர்கிறது. நிமிர்ந்து நிற்கும் ஸ்மித்தின் துறவியிடம் அது இல்லை.

ஒரு கேள்வியோடு இதை இணைத்துப் பார்ப்போம். பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையை விட்டுவிட்டு மேற்படிப்புக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்கிறார். துறவி சீட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சொற்பட்டியலின்படி ‘தனிமையில் சிந்தியுங்கள்’ என்று சொல்லிவிடலாம். அது எந்தக் கேள்விக்கும் சொல்லக்கூடிய விடை என்பதால் இந்தக் கேள்விக்கு விடையாகாது. ஸ்மித்தின் சீட்டு மேசையில் இருந்தால் படம் கேள்விகளைத் தருகிறது. நீங்கள் இப்போது விளக்கைப் பிடித்திருப்பவரா, அதைப் பார்த்து ஏறி வருபவரா? ஏறி வருபவர் என்றால், நீங்கள் போக நினைக்கும் வழியில் முன்னே சென்று நிற்பவர் யார், அவரிடம் பேசினீர்களா? விளக்கைப் பிடித்திருப்பவர் என்றால், இத்தனை ஆண்டுகளில் நீங்கள் கற்றுக்கொண்டது இப்போது யாருக்குத் தெரியும்படி இருக்கிறது? தோத் கட்டாக இருந்தால், எது விளைந்து அறுவடைக்கு நிற்கிறது, எது இன்னும் முட்டைக்குள் இருக்கிறது என்று கேட்கலாம். ஆமைச் சீட்டாக இருந்தால், எங்கே போனாலும் கூடவே சுமந்து செல்லப்போவது எது, எந்த வேகத்தில் போக முடியும் என்பவை முன்னுக்கு வரும். கேட்பவர் பதில் சொல்லத் தொடங்கும்போது, எந்தக் கேள்வியில் அவர் தயங்குகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். உரையாடலை அங்கிருந்து தொடர்வது நல்லது.

சீட்டுகள் எதிர்காலத்தை முன்கூட்டிச் சொல்கின்றன என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. மேலே சொன்ன வாசிப்பு முறைக்கு அந்த நம்பிக்கை தேவையும் இல்லை. நோய், சட்டம், பணம் தொடர்பான முடிவுகளைச் சீட்டிடம் ஒப்படைப்பது தவறு. அவற்றுக்கு உரியவர்களிடம்தான் போக வேண்டும். பிறருக்கு வாசிப்பவர்கள் இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சீட்டு தலைகீழாக வரும்போது எதிர்ப்பொருள் என்று சட்டம் போட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதைவிட, படத்தைத் தலைகீழாகவே பார்ப்பது நல்ல தொடக்கம். துறவி தலைகீழானால் பனி மேலே கூரைபோல் வருகிறது. விளக்கு கீழே தொங்குகிறது. உச்சியில் நின்றவர் எதன்மேலும் நிற்காதவராகிறார். ஒளி அணைந்துவிடவில்லை, அது தூக்கிப் பிடிக்கப்பட்டிருந்த உயரம்தான் போய்விட்டது. அறிவு இருந்தும் யாருக்கும் எட்டாமல் போகும் நிலை, அல்லது பிறருக்கு வழிகாட்டத் தகுதி வருமுன்பே வழிகாட்டப் புறப்படும் நிலை என்று இதை வாசிக்கலாம். தலைகீழ்ச் சீட்டுகளைப் பயன்படுத்தாமலே வாசிப்பவர்களும் பலர் உண்டு. தொடக்கத்தில் அதனால் இழப்பு எதுவும் இல்லை.

உங்கள் கையில் இருக்கும் கட்டு எதுவாக இருந்தாலும், அதன் ஒன்பதாம் சீட்டையும் ஸ்மித்தின் ஒன்பதாம் சீட்டையும் அருகருகே வைத்துத் தொடங்குங்கள். 1909இல் வெளிவந்த படங்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. ஒளி எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, யாருக்காகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, கண்கள் எங்கே நோக்குகின்றன, காலடியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கண்டவற்றை முழு வாக்கியங்களில் எழுதிக்கொள்ளுங்கள். தனிச்சொற்களாக எழுதினால் அவை மறுபடியும் பட்டியலாகிவிடும். வாக்கியமாக எழுதும்போது பெரும்பாலும் வினைச்சொல் வரும் என்பதால், படத்தில் நடக்கும் செயலைத் தேடியாக வேண்டியிருக்கும். அதன் பிறகு கையேட்டைத் திறந்து, அதன் ஆசிரியர் பார்த்தவற்றில் நீங்கள் பார்க்காதது எது, நீங்கள் பார்த்தவற்றில் அவர் சொல்லாதது எது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.